நேற்றைய குழம்பும் அவர் மூக்கும்

எங்கள் வீட்டில் மீந்துபோன சாப்பாட்டைச் சூடு பண்ணுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. குண்டானின் மூடியைத் திறந்து என் கணவரின் மூக்குக்கு நேராக நீட்ட வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். "நல்லாத்தான் இருக்குது" என்றால் குண்டான் அடுப்பில் ஏறும். "ஊசிப்பூடுச்சி" என்றால் கொட்டிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

அவர் சமையல்காரர். கல்வராயன் மலைமேல், பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி ஒன்றில் வேலை. திங்கட்கிழமை விடிந்ததும் கள்ளக்குறிச்சியில் முதல் பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். பையில் சாமை அரிசியும் புளியும் இருக்கும், சட்டையில் விறகுப்புகை வாசம் இருக்கும். பிள்ளைகள் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு சொட்டுக் குழம்பை நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டார். கொதி வரும்போது குனிந்து மோந்து பார்த்தே உப்பு கம்மியா ஜாஸ்தியா என்று சொல்லிவிடுவார். நான் நம்பாமல் பல தடவை சோதித்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் தோற்கவில்லை.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கின் நுனியில். வடக்கனந்தல் பக்கம் கூலிக்கு நாற்று நட்டும் களை எடுத்தும் என்னைப் படிக்க வைத்தவர்கள் என் அம்மாவும் அப்பாவும். சோற்றைக் கொட்ட இன்றைக்கும் எனக்கு மனசு வராது. அதனால் எதையும் லேசில் கொட்டமாட்டேன். மீந்தது எதுவானாலும் அடுத்த வேளைக்கு உருமாற்றி விடுவேன். அவர் கேலி பண்ணுவார். "டீச்சர் வுட்டா கல்லயும் சூடு பண்ணித் துன்னுடும்" என்பார். என் ஆசைக்கும் எங்கள் வயிற்றுக்கும் நடுவில் காவல் நின்றது அவர் மூக்குதான்.

சூடு பண்ணுவதிலும் அவருக்குச் சட்டம் உண்டு. குழம்பு ஓரத்தில் மட்டும் கொப்புளம் விட்டால் போதாது, நடுவிலும் கொதிக்க வேண்டும். சோற்றுக் கரண்டியைக் குழம்பில் விடக்கூடாது. நேற்றையதோடு இன்றையதைக் கலக்கவே கூடாது. ஆறிப்போன சாமைச் சோறு மண்கட்டி மாதிரி இறுகிவிடும். அதை உதிர்த்து, தண்ணீர் தெளித்து, இட்லிக் குண்டானில் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிஷம் ஆவி காட்ட வேண்டும். மாதா கோயில் விருந்தில் கொடுத்தனுப்பும் பிரியாணி என்றால் அடியில் தோசைக்கல்லைப் போட்டு அதன்மேல்தான் பாத்திரம். சென்னையில் இருக்கிற எங்கள் மகள் மைக்ரோவேவ் வாங்கித் தருகிறேன் என்று ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க நச்சரித்தாள்.

"பொட்டிக்குள்ள வெச்சிப் பூட்டிட்டா எப்பிடிம்மா மோப்பம் புடிக்கிறது?" என்றார் அவர்.

"கரண்ட் இருக்கற நேரமாப் பாத்து எங்களுக்குப் பசிக்கணுமே" என்றேன் நான். மகள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் கருத்து ஒத்துப்போன அபூர்வமான விஷயங்களில் அது ஒன்று.

ஓய்வு பெற இன்னும் நான்கு வருஷம் பாக்கி இருந்தபோது, ஒரு சனிக்கிழமை அவர் வழக்கம்போல வந்து, கால் கழுவி, உட்கார்ந்து, "வேலைய வுட்டுட்டேன்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டே வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மல ஏறி எறங்க முடியல" என்பதோடு சரி. மூன்று நாள் கத்தினேன். பஸ் ஏறி உட்கார்ந்தால் பஸ்தானே ஏறுகிறது, உங்களுக்கு என்ன என்று கேட்டேன். சோம்பேறித்தனம் என்றேன். சண்டையில் எனக்குத் தோற்றுப் பழக்கமில்லை, அவருக்கு ஜெயித்துப் பழக்கமில்லை. பையில் கொண்டுவந்த புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் சூடு பண்ணும் வேலை அவருடையதாகிவிட்டது. காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் குண்டானை நீட்டுவேன். அவர் முன்பு மாதிரி கண்ணை மூடிக்கொள்வதில்லை என்பதை நான் கவனித்தேன். மோந்து பார்த்துவிட்டு ஒரு கணம் என்னைப் பார்ப்பார். அப்புறம் "நல்லாத்தான் இருக்குது" என்பார். வயசானால் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் தோன்றுகிறது போல என்று நினைத்து, வெட்கமாகக்கூட இருந்தது எனக்கு. இப்போது நினைத்தால் அந்த வெட்கத்தின் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கோடையில் பல நாள் குழம்பு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வெயில் காலம், புளி சரியில்லை, எண்ணெய் சரியில்லை என்று யார் யாரையோ திட்டினேன். அவரைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. அவர் மூக்கு பொய் சொல்லும் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

ஒரு நாள் பரங்கிக்காய் சாம்பார். முதல் நாள் சாயங்காலம் வைத்தது. காலையில் எனக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. குண்டானை நீட்டினேன். மோந்தார், என்னைப் பார்த்தார், நல்லாத்தான் இருக்குது என்றார். அவரே சூடு பண்ணி டப்பாவில் ஊற்றிக் கொடுத்தார். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் மற்ற மூன்று டீச்சர்களோடு உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். மேலே நுரை கட்டியிருந்தது. ஒருவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர், "டீச்சர், ஒங்க சாம்பார் உசுரோட இருக்குது, மூடி வைங்க, ஓடிடப் போவுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பற்றி எரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தேன்.

"மூக்க எங்கனா அடமானம் வெச்சிட்டீங்களா? நாலு பேரு எதுருல என் மானத்த வாங்கிட்டீங்களே! மலமேல அத்தினி புள்ளைங்களுக்கும் இப்பிடித்தான் ஊசிப்போனத ஆக்கிப் போட்டுக்கினு இருந்தீங்களா?"

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லி மறந்திருப்பேன். பயந்துபோன மனிதனைப் போலப் பார்த்தார். பிறகு குனிந்து மல்லாட்டையை உரிக்கத் தொடங்கினார்.

மறுநாளிலிருந்து குண்டானை அவரிடம் நீட்டுவதை நிறுத்திவிட்டேன். நானே மோந்து பார்த்து நானே சூடு பண்ணினேன். மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் அவர் எங்கிருந்தாலும் எழுந்து சமையலறை வாசலுக்கு வந்து நிற்பார். நான் திரும்பமாட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். இப்படி எத்தனை நாள் நின்றிருப்பார் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஒரு வருஷத்தைத் திருப்பிக் கொடுத்தால் நான் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன்.

அந்த வருஷம் முடிவதற்குள் அவருடைய வலது கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போட நேரம் பிடித்தது. நடை சுருங்கி, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். கள்ளக்குறிச்சியில் காட்டினோம். சேலத்தில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள்.

அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார். அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து இவர் மூக்குக்கு நேராக நீட்டினார். என் வீட்டில் நான் நீட்டுகிற மாதிரியே நீட்டினார். இவர் மோந்தார். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே காப்பித்தூள் வாசம் தெரிந்துவிட்டது. என்னையறியாமல் உதடு அந்த வார்த்தைக்கு அசைந்துவிட்டது.

"காப்பிங்க" என்றார்.

அவர் என் பக்கம் திரும்பியதை டாக்டர் கவனித்துவிட்டார். என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க ரெண்டு நிமிஷம் வெளிய இருங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. காலைதோறும் அவர் என்னைப் பார்த்தது ஆசையினால் அல்ல. என் மூக்கு சுருங்குகிறதா, உதடு கோணுகிறதா என்று பார்த்துத்தான் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு ஜலதோஷம் பிடித்த அன்று என் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதனால்தான் சாம்பார் நுரைத்தது. மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். நடுக்குவாதம் என்றார் டாக்டர். கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்னாலேயே சிலருக்கு வாசனை போய்விடும், இவருக்கும் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டதாம், உங்களிடம் சொல்லவில்லையா என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆத்தூர் வரைக்கும் நான் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். அவராகவே ஆரம்பித்தார்.

"மொதல்ல சளின்னு நெனச்சேன். ஒரு நாளு புள்ளைங்களுக்கு மோரு ஊத்தணும். பானயத் தொறந்தேன். ஒண்ணும் வரல. நல்லதா கெட்டதா ஒண்ணும் தெரியல. கூட வேல செய்யுற அம்மாவக் கூப்புட்டு மோந்து பாக்கச் சொன்னேன். அதுக்கப்புறம் தெனமும் அந்த அம்மாவதான் கூப்புட்டுக்கினு இருந்தேன். அது லீவு போட்டுச்சின்னா எனக்கு அன்னிக்கி ஒடம்பெல்லாம் வேர்த்துடும். நூத்துக்கு மேல புள்ளைங்க. ஒரு புள்ளைக்கு இன்னானா ஆச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்? அதான் எழுதிக் குடுத்துட்டேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாங்க?"

"வேலைய வுட்டன்னிக்கே சொல்லலாம்னுதான் வந்தேன். நீ மறுநாளு காலீல குண்டானத் தூக்கிக்கினு வந்து நீட்டிட்ட. இல்லன்னு எப்பிடிச் சொல்றது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தனை பிள்ளைகளுக்கும் இப்படித்தான் போட்டீர்களா என்று நான் கேட்டது, அவர் மனசுக்குள் வைத்துப் பயந்துகொண்டிருந்த அதே கேள்வி. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரியாமலே அங்கேயே அடித்திருக்கிறேன். மன்னிச்சிக்குங்க என்று சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் நீளுகிற வாய் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது. அவர் சட்டைப் பையில் இருந்த மாத்திரைச் சீட்டை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் குண்டானை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு.

"எனக்குத்தான் தெரியாதுன்னு சொல்ட்டாங்களே டீச்சர்" என்றார்.

"தெரியலனா பரவால்ல. மோந்து பாருங்க."

மோந்தார். என் முகத்தை ஆற அமரப் பார்த்தார். இப்போது ஒளிவு மறைவு தேவையில்லை அல்லவா. "டீச்சர் மூஞ்சி கோணல. நல்லாத்தான் இருக்குது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அதிலிருந்து அது எங்களுக்கு ஒரு விளையாட்டு. நல்ல குழம்பைக் கொண்டுபோய் வேண்டுமென்றே முகத்தைச் சுளிப்பேன். "நடிக்காத, போய் அடுப்புல வையி" என்பார். நிஜமாகவே புளித்த ரசத்தைக் கொண்டுபோய்ச் சிரித்த முகமாக நின்றால், "சிரிப்பு ஜாஸ்தியா இருக்குது, கொட்டிடு" என்பார். ஒரு நாளும் தப்பவில்லை. அவர் மூக்கு போன இடத்தில் என் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஒன்றரை வருஷம்தான் நாங்கள் வாழ்ந்த நல்ல காலம். முப்பது வருஷம் சண்டை போட்டுவிட்டு ஒன்றரை வருஷம் சந்தோஷமாக இருந்தோம் என்று சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

பிறகு நோய் தலைக்கு ஏறியது. கிழமை மறந்தது. மகள் போனில் பேசினால் யார் என்று என்னிடம் கேட்டார். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். எந்நேரமும் மலைமேல் இருப்பதாகவே அவருக்கு நினைப்பு. எழுப்பி உட்கார வைத்தால், "மணி அடிச்சிட்டாங்களா?" என்று கேட்பார். விறகு ஈரமாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்வார். நான் குண்டானை நீட்டுவதை மட்டும் விடவில்லை. மோந்து பார்த்து ஏதோ சொல்வார். சில நாள் மூடியையே பார்த்துக்கொண்டிருப்பார். தனக்கு வாசனை தெரியாது என்பதையும் மறந்துவிட்டார் என்று மெல்ல மெல்லப் புரிந்தது.

அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அவரைப் பற்றி யாராவது பேசினால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது.

அன்றைக்கு மீந்தது எதுவும் இல்லை. நாட்டுக்கோழி வாங்கிக் குழம்பு வைத்திருந்தேன். அவருக்குச் சாமைச் சோற்றோடு அது பிடிக்கும். அடுப்பிலிருந்து இறக்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "நேத்து கொயம்பு இன்னா ஆச்சி? எட்துக்கினு வா" என்றார். நேற்றுக் குழம்பு இல்லை என்று சொன்னால் புரியாது. இதையே குண்டானோடு கொண்டுபோய் மூடியைத் திறந்து நீட்டினேன். மிளகும் சீரகமும் வெங்காயமும் வெந்த வாசம் அறை முழுக்க நிறைந்திருந்தது. எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

குனிந்தார். நெடுநேரம் மோந்து பார்த்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"ஊசிப்பூடுச்சி. கொட்டிடு."

"இல்லிங்க, இப்பதான் வெச்சது. பாருங்க, ஆவி வருது."

கட்டைவிரலில் இருந்த நடுக்கம் கை முழுக்க ஏறியது. கண் விரிந்துவிட்டது. "கொட்டுன்னா கொட்டும்மா! புள்ளைங்க தட்டத் தூக்கிக்கினு நிக்குதுங்க பாரு. இன்னானா ஆச்சின்னா அவுங்க அம்மா அப்பாவுக்கு நான் இன்னா பதிலு சொல்லுவேன்?"

அன்றைக்குப் பஸ்ஸில் பார்க்க எனக்குத் தைரியம் வராத முகம் அது. இப்போது நேராகப் பார்த்தேன். இத்தனை வருஷமும் இந்தப் பயத்தைத்தான் இவர் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

குண்டானை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கட்டிலிலிருந்து பார்த்தால் கதவு வழியாக வாழைமரம் தெரியும். அவர் பார்க்கிற மாதிரி நின்று, வாழை அடியில் முழுக் குழம்பையும் சாய்த்தேன். ஒரு துண்டுகூட எடுத்து வைக்கவில்லை. வாழ்க்கையில் நான் ஒரு பிடிச் சோற்றைக்கூட மனசாரக் கொட்டியதில்லை. அன்றைக்குக் கொட்டினேன். கோழிகள் ஓடிவந்தன. மண்ணிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"கொட்டிட்டியா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"கொட்டிட்டங்க."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயுந்தாங்க." காலிக் குண்டானைக் கொண்டுவந்து காட்டினேன்.

உள்ளே எட்டிப் பார்த்தார். கை நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. "ஒண்ணுங்கூட துன்னலயே?" என்றார் மெதுவாக.

"ஒரு புள்ளகூட துன்னலங்க" என்றேன். "அதான் நீங்க முன்னாடியே மோந்து பாத்துட்டீங்களே."

தலையணையில் சாய்ந்துகொண்டார். வெகுநாள் கழித்து அவர் முகம் தெளிந்திருந்தது.

"சரி, சீக்கிரமா வேற ஆக்கு. பசியில நிக்குதுங்க" என்றார்.

நான் அழுதுகொண்டே போய் மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்தேன்.